ஆறு பிள்ளைகள், எட்டுப் பொருள்கள்

எங்கள் வீட்டில் அரிசி அளக்கும்போது அம்மா 'ஒன்று' என்று சொல்லமாட்டார். பால்மாத் தகரத்தால் முதல் அளவை அள்ளிச் சட்டியில் கொட்டும்போது 'லாபம்' என்பார். அடுத்தது 'ரெண்டு', அதற்கடுத்தது 'மூண்டு'. சுவிட்சர்லாந்துக்கு வந்து, மின்சார அடுப்புக்கு மாறி, அரிசியைக் கடதாசிப் பெட்டியில் வாங்கத் தொடங்கிய பிறகும் முதல் தகரம் லாபமாகவே இருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. லோசானுக்குப் பக்கத்தில் ரெனானில், ரயில் பாதையைப் பார்த்தபடி நின்ற ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. நான் நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது இதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு. ஆகவே இங்கே சொல்லப்போவதற்கு என் நினைவைத் தவிர வேறு சாட்சி இல்லை. மழையங்கிகள் மஞ்சள் நிறம், அது நிச்சயம். மாதம் நிச்சயமில்லை. கொடிகளில் திராட்சை இன்னும் இருந்தது என்பதால் ஒக்டோபரின் தொடக்கமாக இருக்கலாம்.

எங்களுக்கு மேல்மாடியில் ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. தாயை நாங்கள் 'மதாம்' என்று கூப்பிட்டோம். அவருக்கு அம்மாவின் வயதுதான் இருக்கும். மகள் சொலான்ஜ் என் வகுப்பு. மகனுக்கு என் தம்பியின் வயது, ஐந்து. அம்மாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு ஒரு கைப்பிடி. மதாமுக்குத் தெரிந்த தமிழ் இன்னும் குறைவு. ஆனாலும் இருவரும் குசினியில் மணிக்கணக்காகக் கதைத்தார்கள். கைகளால் முடியாத இடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒருநாள் அம்மா அரிசி அளப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மதாம் என்னைக் கூப்பிட்டார்.

“ஒன்றுக்கு உன் அம்மா எனக்கு வேறு சொல் அல்லவா சொல்லித் தந்தார்? இந்த முதல் சொல் என்ன?”

நான் கேட்டேன். அம்மா கையில் தகரத்தோடு திரும்பினார்.

“ஒண்டு எண்டு துவங்கினால் ஒண்டோடை நிண்டிடும் எண்டு சொல்லு. அதுக்குத்தான் லாபம் எண்டுறது.”

நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே மதாம் உள்ளங்கைகளைத் தட்டிச் சிரித்தார். தன் ஊரிலும் அப்படி உண்டு என்றார். அங்கே பிள்ளைகளை எண்ணமாட்டார்களாம். மீனை எண்ணலாம், கூடையை எண்ணலாம், பிள்ளைகளை எண்ணினால் குறைந்துபோவார்களாம். இந்த இடம் நீளமாக இருந்ததால் நான் சொற்களைத் தேடினேன். அம்மா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“விளங்குது. நாவூறு.”

வாயால் சொல்வதால் வரும் கண்ணூறு அது. மதாமுக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் அம்மா தலையாட்டிய விதத்தில் அவருக்கும் விளங்கியது. அதன்பின் அவர்களுக்கு நான் குறைவாகவே தேவைப்பட்டேன்.

மதாமின் மொழிக்கு ஒரு பெயர் இருந்தது. அவர் சொல்லியும் எனக்கு அது வாயில் வரவில்லை, நினைவிலும் தங்கவில்லை. ஒரு பெரிய ஆற்றின் கரையில், மீன்பிடிக்கிற சில ஊர்களில் மட்டும் அதைப் பேசினார்களாம். அந்த ஊர்களிலும் இளையவர்கள் சந்தைக்குப் போனால் வேறு மொழி, பள்ளிக்கூடம் போனால் பிரெஞ்சு. ஐந்துவரை தங்கள் மொழியில் எண்ணுவார்கள், ஆறிலிருந்து சந்தைமொழிக்குத் தாவிவிடுவார்கள். சொலான்ஜுக்கும் ஐந்துக்கு மேல் தெரியாது. எங்கள் கட்டடத்தில் முழுவதும் தெரிந்தவர் மதாம் ஒருவர்தான். இந்த நாட்டிலேயே அவர் ஒருவராக இருந்திருக்கலாம்.

எங்களுக்கு அது வேறு வகையில் பயன்பட்டது. கட்டடத்துக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்து விளையாடுவோம். கண்ணைப் பொத்துபவர் இருபதுவரை எண்ணவேண்டும். பிரெஞ்சில் இருபது சட்டென்று முடிந்துவிடும். ஒளிக்க நேரம் போதாது. ஒரு நாள் சொலான்ஜ், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தாயை எண்ணச் சொன்னாள். மதாம் துணிக்கவ்வியை வாயிலிருந்து எடுத்துவிட்டு எண்ணத் தொடங்கினார். ஐந்து வந்ததும் 'கை'. ஆறுக்குத் தனிச்சொல் இல்லை, 'கையும் ஒன்றும்'. பத்து, 'இரண்டு கை'. அதற்குமேல் கால்விரல்களுக்கு இறங்கவேண்டும். பதினேழு என்பது 'இரண்டு கையும், ஒரு காலும், மற்றக் காலில் இரண்டும்'. இப்படியே போய் இருபதில் கையும் காலும் எல்லாம் முடிந்து 'ஆள் முழுசு' என்று நிற்கும். நாங்கள் சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்து, இடம் பிடிக்காமல் வெளியே வந்து, குப்பைத்தொட்டிக்குப் பின்னால் மாறி ஒளித்த பிறகும் மதாம் இரண்டாவது காலிலேயே இருந்தார். அன்றிலிருந்து எண்ணுவது அவர்தான் என்று தீர்மானமாயிற்று. சொற்களின் ஒலி இப்போது என்னிடம் இல்லை. பொருள் மட்டும் வரிசை மாறாமல் இருக்கிறது.

இதை மாமாவுக்குச் சொன்னேன். மாமா அம்மாவின் தம்பி. அந்த வருடம் வந்து எங்கள் சோபாவில் படுக்கத் தொடங்கியவர். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு, பேர்ணில் விசாரணைக்குக் கூப்பிடும் நாளுக்குக் காத்திருந்தார். மாமியும், அவர் புறப்பட்ட பிறகு பிறந்த மகளும் ஊரில். அந்தப் பிள்ளையை அவர் இன்னும் பார்க்கவில்லை. படமும் வந்து சேரவில்லை. யாராவது “பிள்ளையள் எத்தினை தம்பி?” என்று கேட்டால் ஏதாவது பகிடி சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

“அப்ப ஒரு ஆள் எண்டால் இருவது,” என்றார் மாமா, யோசித்துவிட்டு. “நீ இருவது, தம்பி இருவது. தம்பி தின்னுறதைப் பாத்தால் அவன் நாப்பது.”

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு லெமான் ஏரியில் கப்பலில் போய்வர இலவசச் சீட்டுகள் கொடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு உணவகத்திலும் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியிலும் வேலை. ஆகவே மாமாவும் மதாமும் எங்களைக் கூட்டிப்போவதென்று முடிவாயிற்று. நான், தம்பி, சொலான்ஜ், அவளுடைய தம்பி, அடுத்த கட்டடத்துத் தமிழ்ப் பையன்கள் இருவர். ஆறு பேர். மழை வரும் என்று வானொலியில் சொன்னதால் எல்லோருக்கும் மழையங்கி. அம்மாவும் மதாமும் சேர்ந்து ஒரே கடையில், ஒரே மலிவு விற்பனையில் வாங்கியவை. எல்லாம் மஞ்சள், எல்லாவற்றிலும் தலையை மூடும் தொப்பி.

வீட்டு வாசலில் மதாம் தன் கைப்பைக்குள்ளிருந்து சிறிய துணிப்பை ஒன்றை எடுத்தார். ஒவ்வொருவரும் தங்களுடைய ஒரு பொருளை அதில் போடவேண்டும் என்றார். நான் தலைக் கிளிப்பைக் கழற்றிப் போட்டேன். தம்பி பொக்கற்றில் வைத்திருந்த சோடா மூடியைப் போட்டான். சொலான்ஜ் ஒரு பாசிமணி. அவளுடைய தம்பி விளையாட்டுக் காரின் சில்லு. அடுத்த கட்டடத்துப் பெரியவன் ஒரு மாபிள், சின்னவன் ஒரு ரப்பர் துண்டு. ரயிலிலோ கப்பலிலோ ஏறும்போது அவர் வாசலில் நின்று பெயரைச் சொல்வார். முகத்தைப் பார்த்து அவரவர் பொருளை அவரவர் கையில் கொடுப்பார். பை வெறுமையானால் எல்லோரும் ஏறிவிட்டோம் என்று அர்த்தம். உள்ளே போய் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்வார்.

மாமாவுக்கு இது பெரிய பகிடி.

“மதாம் பெட்டிக்கடை திறந்திட்டா. வாங்கோ, வாங்கோ, சாமானுகளை எடுங்கோ!”

அவருடைய முறை வேறு. ஒவ்வொரு தலையாகத் தொட்டு, 'லாபம், ரெண்டு, மூண்டு' என்று ஆறுவரை எண்ணுவார். அவர் எண்ணும்போதெல்லாம் மதாம் வேறு பக்கம் பார்ப்பார். முடிந்ததும் தன் மகனின் காதை மெல்லப் பிடித்து இழுத்துவிடுவார். எண்ணியது கழிந்துபோவதற்காக என்று சொலான்ஜ் எனக்குச் சொன்னாள்.

மாமாவிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. லோசானின் ஊஷித் துறையில் கப்பலில் ஏற முன்பு என் தோளைத் தட்டினார்.

“இது பிரான்சுக்குப் போற கப்பல் இல்லையோ எண்டு கேள் பிள்ளை.”

கேட்டேன். இல்லை என்றார்கள். ஏறிய பிறகு இன்னொருவரிடம் கேட்கச் சொன்னார். ஏரியின் அக்கரை பிரான்ஸ். அது எனக்குத் தெரியும். மாமாவுக்குப் பிரான்ஸ்காரர்களைப் பிடிக்காது என்று நினைத்தேன். கையில் தற்காலிகக் கடதாசியோடு தவறான கப்பலில் ஏறி எல்லை தாண்டினால் அவருக்கு என்ன நடக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பயணம் நன்றாகவே இருந்தது. திராட்சைத் தோட்டங்கள் படிப்படியாக ஏரிவரை இறங்கும் ஒரு கிராமத்தில் இறங்கினோம். அம்மா கட்டித்தந்த ரொட்டியையும் மதாமின் பொரித்த வாழைப்பழத்தையும் தின்றோம். பிறகு மழை பிடித்துக்கொண்டது. கப்பல் துறையில் சின்னக் கூரை ஒன்றுதான் இருந்தது. அதன் கீழே எங்களைப்போல இன்னொரு கூட்டமும் ஒதுங்கி நின்றது. நீலக் குடை பிடித்த ஒரு பெண்ணும், அவருடன் ஏழெட்டுச் சின்னப் பிள்ளைகளும். அவர்களிலும் பாதிப்பேருக்கு மஞ்சள் மழையங்கி. அந்தப் பெண் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து பிஸ்கற் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கப்பல் வந்தது. எல்லோரும் தொப்பியை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். மாமா மழையில் கண்ணைச் சுருக்கி, தொப்பிகளைத் தொட்டு எண்ணினார். ஆறு. இன்னொருமுறை எண்ணினார். ஆறுதான். “நடவுங்கோ, நடவுங்கோ” என்று எங்களைப் பலகையில் ஏற்றினார். கடைசியாக வந்த சின்னத் தொப்பியின் கையைத் தானே பிடித்துக்கொண்டார்.

பலகையின் அடியில் மதாம் பையோடு நின்றார். என் தொப்பியைத் தூக்கி, பெயரைச் சொல்லி, கிளிப்பைக் கொடுத்தார். சொலான்ஜுக்குப் பாசிமணி. அவளுடைய தம்பிக்குச் சில்லு. மாபிள். ரப்பர். பிறகு மாமா பிடித்திருந்த தொப்பியைத் தூக்கினார். உள்ளே நீலக் கண்களும் மூக்கைச் சுற்றிப் புள்ளிகளும் இருந்தன. அந்தப் பையன் வாய்நிறைய பிஸ்கற்றோடு, மரியாதையாக, “போன்ஜூர் மதாம்” என்றான்.

மதாமின் கையில் தம்பியின் சோடா மூடி இருந்தது.

அவர் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த கப்பல்காரர், ஏறுங்கள் அல்லது இறங்குங்கள் என்றார். மதாம் ஒரு காலைப் பலகையிலும் ஒரு காலைக் கரையிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

“ஒரு பெயர் கரையில் நிற்கிறது,” என்றார்.

“என்னவாம்?” மாமா மேலேயிருந்து கேட்டார். இன்னும் அவர் தன் கையைப் பார்க்கவில்லை.

“தம்பியைக் காணேல்லையாம்.”

“ஆறு பேரும் நிக்கினம் எண்டு சொல்லு. ரெண்டுதரம் எண்ணினனான்.”

நான் அவர் கையைக் காட்டினேன். மாமா குனிந்து பார்த்தார். நெருப்பைத் தொட்டவர்போலக் கையை விட்டார். பையன் நின்றது பலகையின் விளிம்பில், கீழே தண்ணீர். உடனே திரும்பவும் பிடித்துக்கொண்டார். விட்டாலும் பிழை, பிடித்தாலும் பிழை என்று அவர் முகத்தில் தெரிந்தது. அவர் அப்படி வெளிறியது தம்பிக்காக மட்டும்தான் என்று நினைத்தேன். பேர்ணுக்குப் போகக் காத்திருக்கும் ஒரு மனிதன் ஒரு சுவிஸ் பிள்ளையின் கையைப் பிடித்தபடி புறப்படுகிற கப்பலில் நிற்பது எப்படிப்பட்ட காட்சி என்று ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவில்லை.

எல்லோரும் இறங்கினோம். கப்பல் நாங்கள் இல்லாமல் போயிற்று. கூரையின் கீழே யாரும் இல்லை. மாமா துறையின் ஓரத்துக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்தார். ஏரி சாம்பல் நிறத்தில், மழை விழுந்து கொதிப்பதுபோல இருந்தது. அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. மாமா பகிடி சொல்லாமல் இருந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை.

மதாம் தண்ணீரைப் பார்க்கவில்லை. சோடா மூடியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, தம்பியின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டபடி மேலே போகும் பாதையில் நடந்தார். பிஸ்கற் பெட்டியின் பின்னால் அவன் போனதைத் தான் கண்டதாக அவருடைய மகன் சொன்னான். நாங்கள் பின்னால் ஓடினோம்.

“நீ வந்து கதை பிள்ளை,” என்றார் மாமா மூச்சு வாங்க. “நான் வாய் திறக்கமாட்டன்.”

திராட்சைத் தோட்டச் சுவரோரத்தில், தேவாலயத்துக்குக் கொஞ்சம் முன்பு, நீலக் குடை தெரிந்தது. பிள்ளைகள் சோடி சோடியாக நடந்தார்கள். கடைசிச் சோடியில் ஒரு சுவிஸ் சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் திருப்தியாக, தம்பி போய்க்கொண்டிருந்தான். மற்றக் கையில் பிஸ்கற்.

மதாம் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தான். சோடா மூடியைக் கண்டதும் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். நாங்கள் எல்லோரும் ஏன் நனைந்து நிற்கிறோம் என்று அவனுக்கு விளங்கவில்லை.

நீலக் குடைப் பெண் முதலில் தம்பியைப் பார்த்தார், பிறகு மாமாவின் கையிலிருந்த பையனைப் பார்த்தார்.

“ஆனால் நான் எண்ணினேனே!” என்றார்.

நான் மொழிபெயர்க்க முன்பே மாமா, வாய் திறக்கமாட்டேன் என்று சொன்னவர், தமிழில் பதில் சொன்னார்.

“நானும் எண்ணினனான் அம்மா.”

இருவருக்கும் ஒருவரையொருவர் விளங்கியது. இருவரும் எண்ணியது சரி. தொகையில் பிழையே இல்லை. மாமா அந்தப் பையனின் கையை அந்தப் பெண்ணின் கையில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் தன் கையை எடுத்தார். அந்தப் பெண் எங்களைப் பார்த்து, நீங்கள் எங்கே இருப்பவர்கள் என்று கேட்டபோது மாமா நிலத்தைப் பார்த்தார். மதாம் முன்னால் வந்து, எங்கள் ஆறு பேரின் பெயரையும் ஒவ்வொருவராகத் தொட்டுக் காட்டிச் சொன்னார். அந்தப் பெண்ணும் தன் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். மழைக்குள் நின்று அத்தனை பெயர்களையும் கேட்டோம். பிரியும்போது மிச்சப் பிஸ்கற் முழுவதும் எங்களிடம் வந்துவிட்டது. தம்பிக்கு அந்த நாள் முழு வெற்றி.

ரயிலில் திரும்பினோம். அந்த நிலையத்தில் மாமா எங்களை எண்ணவில்லை. மதாமின் பக்கத்தில் போய் நின்று அவர் பெயர்களைச் சொல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே உட்கார்ந்த பிறகு மதாம் எங்கள் பொருள்களைத் திரும்ப வாங்கி, நனைந்த பையை உலர்த்துவதற்காக மடியில் கைக்குட்டையை விரித்து எல்லாவற்றையும் கொட்டினார். பை வெறுமையாகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அடியில் இருந்த ஒரு முடிச்சை அவர் அவிழ்த்தபோது அதற்குள் இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று குன்றிமணி. எங்கள் ஊரில் இருக்கும் அதே குன்றிமணி, சிவப்பும் கறுப்பும். மற்றது நீல நூலில் ஒரு சிறிய துண்டு.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கணக்குப் பொருந்தாவிட்டால் இருக்க முடியாது. ஆறு பிள்ளைகள், எட்டுப் பொருள்கள்.

“மதாம், இரண்டு கூட இருக்கின்றன,” என்றேன்.

மதாம் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தன் மொழியில் ஏதோ சொன்னார். எண்ணுக்குரிய சொல் எதுவும் அதில் வரவில்லை. சொலான்ஜ்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள்.

“அது அண்ணாவும் அக்காவும். அவர்கள் அங்கே, ஊரில் இருக்கிறார்கள்.”

வராதவர்களுக்கு எதற்குப் பொருள் என்று யோசித்தேன். ஆனால் கேட்கவில்லை, ஏனென்றால் மாமா என் முழங்கையைத் தொட்டார்.

“என்னவாம் பிள்ளை?”

சொன்னேன். அவர் ஒரு பகிடி சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு ஆள் என்றால் அதில் நாற்பது இருக்கிறது என்றாவது சொல்லுவார் என்று. மாமா கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் இரண்டு நிலையங்களில் நின்று புறப்பட்டது. பிறகு தன் கோட்டின் கடைசிப் பொத்தானைப் பிடித்துத் திருகினார். நூல் இலகுவில் விடவில்லை. பல்லால் கடித்து அறுத்தார். பொத்தானை மதாமிடம் நீட்டினார்.

“இதையும் வையுங்கோ மதாம்,” என்றார் தமிழில்.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். தேவைப்படவில்லை. மதாம் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார், பிரெஞ்சில், மிகச் சின்னக் கேள்வி, மாமாவுக்கே விளங்கக்கூடியது. பெயர் என்ன என்று. மாமா ஒரு பெயர் சொன்னார். அவருடைய பெயர் அல்ல, ஒரு பெண்பிள்ளையின் பெயர். மதாம் அதை இரண்டுமுறை சொல்லிப் பார்த்தார். இரண்டாவது முறை சரியாக வந்தது. பொத்தானைக் குன்றிமணியோடும் நீல நூலோடும் சேர்த்து முடிந்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா அரிசி அளந்துகொண்டிருந்தபோது, கதிரையில் காயப்போட்டிருந்த மாமாவின் கோட்டைக் கண்டார்.

“எங்கையடா பொத்தான்? வாங்கி ஒரு மாசம் ஆகேல்லை, அதுக்குள்ளை துலைச்சிட்டியோ?”

“துலையேல்லை அக்கா,” என்றார் மாமா. “பத்திரமாக் கிடக்கு.”

அது எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். மேல்மாடிக்கு ஒரு ஓட்டம் ஓடினால் வாங்கிவந்துவிடலாம், அம்மா சாப்பாட்டுக்குமுன் தைத்துவிடுவார். மாமா ஏன் என்னை அனுப்பவில்லை என்றுதான் எனக்கு விளங்கவில்லை. அவர் போகச் சொல்லட்டும் என்று, செருப்பைப் போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.